கீழ ஒருத்தன் இருக்கான்

மேலரத வீதி,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
4.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அனுசியா எழுதுவது. நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. மதினி மட்டும் நலமாக இருக்கட்டும்.

பதினொரு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் இருக்கிற அண்ணனுக்குத் தபால் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். வேறு வழியில்லை. போன வியாழக்கிழமையில் இருந்து மூன்று தடவை போனில் கேட்டேன். முதல் தடவை ரன்வேயில் படுத்த ஆட்டின் கதையைச் சொன்னாய். இரண்டாம் தடவை கேப்டனின் முடிச்சாயம் வியர்வையில் இறங்கிய கதை. மூன்றாம் தடவை என்ன சொன்னாய் என்றே நினைவில்லை, சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். வைத்த பிறகுதான் நான் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை என்று உறைத்தது. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் சொல்.

ஜனவரி 30 காலையில் என் மகள், உன் மருமகள் செல்வி தனியாக ஓட்டிய விமானமும், ஆஸ்டின் என்கிற பையன் தனியாக ஓட்டிய விமானமும் உங்கள் விமானப் பள்ளி ஓடுபாதைக்கு மேலே மோதிக்கொள்ளப் பார்த்தன. அன்று வீட்டுக்கு வந்தவள் யூனிஃபார்மைக் கழற்றி வாளியில் போட்டாள். இன்றுவரை அதைத் துவைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. “என்னட்டி ஆச்சு?” என்றால், “ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் பக்கத்துல வந்துட்டு” என்கிறாள். பஸ்ஸில் யாரோ இடித்துவிட்ட மாதிரி.

நேற்று பள்ளியில் இருந்து காகிதம் வந்தது. ‘சுற்றிலும் கவனிக்காமல் ஓட்டியது’ என்று அவள் பெயருக்கு நேரே போட்டிருக்கிறது. இருபதாம் தேதி விசாரணைக் கமிட்டி. அதுவரை பறக்கக் கூடாது. தப்பு அவளுடையது என்று முடிவானால் பெயரை நீக்கிவிடுவார்களாம்.

நீ அங்கே வேலை பார்க்கிறவன். ரேடியோ வைத்த மேசையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். என்ன நடந்தது?

தங்கை,
அனுசியா


ராஜபாளையம்,
6.2.2025

என் கோபக்காரத் தங்கச்சி அனுசியாவுக்கு,

அண்ணன் லிங்கேஸ்வரனின் ஆசீர்வாதம். பிளாக் செய்யப்பட்ட நிலையிலும் ஆசீர்வாதம் போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை உன் மதினி பரிபூரணம் எனக்கு முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டு, “நல்லா வேணும்” என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் ஆதரவு இவ்வளவுதான்.

உனக்கு எங்கள் ஓடுபாதையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அங்கே டவர் கிடையாது. கேட்டுக்கு வெளியே டீக்கடை போட்டிருக்கிற பேச்சிமுத்துவிடம் இதைச் சொன்னேன். “அப்ப போன்ல எத்தன கோடு எடுக்கும்?” என்று கேட்டான். அந்த டவர் இல்லை. மதுரையில் இருக்கிற மாதிரி, உயரத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ‘நீ இறங்கு, நீ பொறு’ என்று அதிகாரம் செய்கிற ஆள் இங்கே இல்லை. மேலே இருக்கிற ஒவ்வொருவரும் தானே ரேடியோவில் ‘நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இதைச் செய்யப் போகிறேன்’ என்று அறிவித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து நாலு பக்கமும் பார்த்து, வரிசையாக வந்து இறங்க வேண்டும்.

என் மேசையில் இருக்கும் ரேடியோவில் நான் இரண்டு சமாச்சாரம்தான் சொல்லலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ரன்வேயில் ஆடு நிற்கிறதா. முப்பது வருஷம் பட்டிமன்ற மேடையில் முழங்கியவனுக்கு ஆடும் காற்றும்! ஆனால் சேத்தூர்ப் பட்டிமன்றத்தில் நான் பேசியபோது நடுவர் மட்டும்தான் சிரித்தார். அதுவும் செல்போனைப் பார்த்து. அதற்கு ஆடு பரவாயில்லை.

இப்போது விஷயம். செல்வி மேற்கே மலைப் பக்கம் பயிற்சி முடித்துவிட்டு ஓடுபாதையைக் குறுக்கே தாண்டி வந்துகொண்டிருந்தாள். ஆஸ்டின் கிழக்குப் பக்கம் ஓடுபாதைக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஆயிரம் அடி உயரம். அவன்தான் அறிவித்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை அந்தப் பயல். பைக்கை ஒரு கையில் ஓட்டிக்கொண்டு வருகிறவன், இறக்கைக்கு அடியில் நின்று தலை சீவுகிறவன், அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? வ. புதுப்பட்டிக்காரனுக்கு ரேடியோவில் பேசுவது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அவன் சீப்பைப் பிடுங்கி ரன்வேயில் எறிந்திருப்பேன்.

நம் பிள்ளை மேல் தப்பே இல்லை. தைரியமாக இரு. பள்ளிப் பொறுப்பில் இருக்கிற கேப்டன் விக்னேஸ்வரனிடம் நான் பேசுகிறேன். அவருக்கு என் மேல் மரியாதை உண்டு. இல்லாவிட்டாலும் சாயம் பற்றி வெளியே சொல்லிவிடுவேன் என்கிற பயம் உண்டு.

அன்பு அண்ணன்,
லிங்கேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிரிப்பு வராமல் படித்தேன். அதுவே எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆடு எங்கே நிற்கும், பேச்சிமுத்து என்ன கேட்டான், நடுவர் எதைப் பார்த்துச் சிரித்தார், எல்லாம் எழுதியிருக்கிறாய். அந்தப் பையன் பேசவில்லை என்கிறாய். நீ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒரு வரி இல்லை. இரண்டு விமானம் முட்டப் போவதைப் பார்த்துக்கொண்டு நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று உன்னோடு கூடப் பிறந்த என்னை நம்பச் சொல்கிறாயா? சாவு வீட்டிலேயே வாயை மூடாதவன் நீ.

இங்கே நிலைமை சொல்கிறேன். செல்வியின் அப்பா நேற்று மில்லில் இருந்து வந்ததும் சொல்லிவிட்டார்: “போதும் ஏட்டி, அவ பறந்தது. பி.எட். சேத்து விட்டுருவோம்.” பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து வாய்க்காலில் விழுந்த பிள்ளை, “சரிப்பா” என்றாள். எனக்கு அந்த ‘சரிப்பா’தான் தாங்கவில்லை.

நேரே கேட்டேன். “மாமா அன்னைக்கு ரேடியோல ஏதும் சொன்னானா?”

“விடும்மா.”

“சொன்னானா, இல்லையா?”

“மேல இருந்தது நான். பாக்க வேண்டியது என் கண்ணு. விடேன்.”

அவள் யாரையோ மறைக்கிறாள். அந்த ஆஸ்டினை என்று முதலில் நினைத்தேன், வயசு அப்படி. ஆனால் அவன் பெயரைச் சொல்லும்போது அவள் முகம் மாறவில்லை. உன் பெயரைச் சொன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

என்ன சொன்னாய் அண்ணே?

அனுசியா


ராஜபாளையம்,
12.2.2025

அனுசியாவுக்கு,

இந்த வயசில் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய். நல்லது.

அவளை விமானப் பள்ளியில் சேர்க்கலாம் என்று உன் வீட்டுக்காரரிடம் கெஞ்சியது யார்? நான். அவள் முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியபோது ரன்வே ஓரத்தில் நின்று அழுதது யார்? நான். அழுதேன் என்று வெளியே சொல்லாதே, கண்ணில் பூச்சி விழுந்தது என்றுதான் கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்காகத்தான் அந்த மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எனக்கென்ன, காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன?

என்னிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு உன் கோபத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பு. நான் திருப்பிவிட்டேன். நேற்று கேப்டனிடம் எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். ‘ஆஸ்டின் என்கிற மாணவர் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவிக்கவில்லை. இதை நான் நேரில் கேட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கமிட்டியில் அதுதான் பேசும். அவன் போவான், நம் பிள்ளை இருப்பாள். இதற்கு மேல் ஒரு தாய்மாமன் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்?

இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

லிங்கேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
16.2.2025

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

இன்று சர்ச் முடிந்த கையோடு அந்தப் பையன் ஆஸ்டினும் அவன் அம்மா ஞானரத்தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அந்த அம்மா உட்காரக்கூட இல்லை.

“உங்க அண்ணன் எழுதிக் குடுத்திருக்காவளாம், எம் மவன் வாயே தொறக்கலன்னு. எம் மவன் பேசியிருக்காம்மா. ரெண்டு பிள்ளையளும் ஒரே நேரத்துல பேசியிருக்கு. அப்படிப் பேசுனா ரெண்டும் கேக்காதாம்லா, கீச்சுனு சத்தந்தான் வருமாம். அது உங்க அண்ணனுக்குத் தெரியாதா?”

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சீவித்தான் இருந்தான், ஆனால் அது ஒன்றும் குற்றமில்லை.

“ஆன்ட்டி, நான் திருப்பிச் சொல்லியிருக்கணும். அதுக்குள்ள ரேடியோல அங்கிள் சொல்லிட்டாங்க. ‘செல்வி, கீழ ஒருத்தன் இருக்கான், பாத்துக்க’ன்னு. நான் கெழக்கதான இருந்தேன்? சரி, என்னையத்தான் சொல்றாங்க, அவளுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு விட்டுட்டேன்.”

உள்ளேயிருந்து செல்வி பாய்ந்து வந்தாள். “ஏலே ஆஸ்டின், வாய மூடு. மாமா பேர எடுக்காதன்னு சொன்னேம்லா?”

“நீ சும்மா இரு. எங்கம்மா மூணு நாளா சாப்பிடல.”

நான் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். “மாமா ‘கீழ’ன்னதும் நீ என்னட்டி செஞ்ச?”

கையை உருவப் பார்த்தாள், நான் விடவில்லை. “கீழ பாத்தேன்.”

“கீழன்னா?”

“கீழம்மா. எனக்கு அடியில. தரையப் பாத்து. அடியில எவனோ வாரான், எறங்கிறக் கூடாதுன்னு அதே உசரத்துல வச்சுக்கிட்டு, அடியிலயே தேடிக்கிட்டு நேர போனேன். நிமுந்தா முன்னால முழுசா அவன் இறக்க.”

அவள் விமானத்தை இழுத்து மேலே ஏற்றியிருக்கிறாள். அவன் தலைக்கு மேலே தாண்டியிருக்கிறாள். அந்தப் பையன் சொல்கிறான்: “அவ சக்கரத்துல ஒட்டியிருந்த கரிசல் மண்ண நான் பாத்தேன் ஆன்ட்டி.”

நாம் பிறந்தது கீழத் தெரு. தெரு என்ன பள்ளத்திலா இருந்தது? கிழக்கையும் கீழ என்கிறோம், அடியையும் கீழ என்கிறோம். தரையில் நிற்கிறவனுக்கு அது பிரச்சினை இல்லை. ஆயிரம் அடியில் தொங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கீழ என்றால் எது அண்ணே?

வாய் தவறியதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. பதினேழு நாள். பதினேழு நாளாக நீ இதைத் தெரிந்துகொண்டே ஆட்டுக் கதை சொல்லியிருக்கிறாய். தெரிந்துகொண்டே இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் மேல் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த அம்மா போகும்போது, நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. என் வாசலில் நான் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

சொன்னாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். வியாழக்கிழமை கமிட்டி.

அனுசியா


ராஜபாளையம்,
18.2.2025

அனுசியாவுக்கு,

சொன்னேன்.

ஒரே வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியைப் படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

அன்றைக்கு ரேடியோவில் கீச்சென்று சத்தம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்கே இருந்து செல்வி வருகிறாள், கிழக்கே ஆஸ்டின் போகிறான். அவள் பேசியது அவனுக்கு விழவில்லை, அவன் பேசியது அவளுக்கு விழவில்லை என்று எனக்குப் புரிந்தது. எனக்கு மட்டும்தான் புரிந்தது என்பதில் ஒரு சந்தோஷம் வந்தது பார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரு வருஷமாக ஆட்டையும் காற்றையும் அறிவித்தவனுக்கு முதல் தடவையாக ஒரு வசனம் கிடைத்தது. மைக்கை எடுத்துத் தமிழில், மேடைக் குரலில், என் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு, அறையில் யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். திரும்பி ஜன்னலைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

அது ஒரு நொடி இருக்கும். பிறகு இரண்டாகப் பிரிந்தன. எழுந்திருக்கப் போய் ஸ்டூலோடு விழுந்தேன். டீ கொண்டுவந்த பேச்சிமுத்து, “என்னண்ணே, ஸ்டூல் ஒடஞ்சிட்டா?” என்றான். ஆமாம் என்றேன். முதல் பொய் அதுதான். அதன் பிறகு பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

இறங்கி வந்த செல்வி நேரே என் மேசைக்கு வந்தாள். அவள் உதடு வெள்ளையாக இருந்தது. “மாமா, நீங்க கெழக்கயா சொன்னீங்க?” என்றாள். நான் ஸ்டூலை நிமிர்த்தி வைக்கப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, விடுங்க” என்று போய்விட்டாள். அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்ற முடிவு செய்தது அப்போதுதான். நான் அதை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு இருபத்தோரு வயசு. எனக்கு ஐம்பத்து மூன்று.

ஆஸ்டின் மேல் எழுதிக் கொடுத்தது உன் கடிதத்துக்குப் பயந்து. நீ கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் ஏறியது. அதை எங்கேயாவது இறக்க வேண்டியிருந்தது. அவன் தலை சீவிக்கொண்டு கண்ணில் பட்டான்.

இன்று காலை கேப்டனிடம் போனேன். பழைய காகிதத்தைத் திரும்பக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றார், அதுவும் கமிட்டிக்குப் போக வேண்டுமாம். நடந்ததை அப்படியே எழுதிப் புதிதாக ஒன்று கொடுத்தேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா அந்தப் பொண்ணு நாலு பக்கமும் பாத்திருக்கும், லிங்கேஸ்வரன். நீங்க ஒரு பக்கத்தக் குடுத்தீங்க. அந்த ஒரு பக்கத்தையே பாத்துச்சு.”

அங்கே இருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வ. புதுப்பட்டிக்குப் போனேன். ஞானரத்தினம் அம்மா கதவைத் திறந்தார்கள். நான் பேசி முடிக்கும் வரை நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். “சரி, போயிட்டு வாங்க” என்றார்கள். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்துப் போன திட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நீ திட்டு அனுசியா. நேரில் வரட்டுமா?

லிங்கேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.3.2025

அண்ணனுக்கு,

வர வேண்டாம்.

கமிட்டி முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேர் பெயரும் நீக்கப்படவில்லை. இரண்டு பேரும் பத்து மணி நேரம் இன்ஸ்ட்ரக்டரோடு திரும்பப் பறக்க வேண்டும். சத்தம் மட்டும் கேட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அறிவிக்க வேண்டும், யார் என்ன சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று இரண்டு பேரிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். செல்வியின் அப்பா இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் காலையில் அவரே அவளை பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பி.எட். பேச்சு இல்லை.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். முதல் தடவையாக அந்த இடத்தைப் பார்த்தேன். பொட்டல். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எது அவள் விமானம் என்று தெரியவில்லை, இரண்டும் வெள்ளை. ஒன்று வந்து இறங்கியது. அதில் இருந்து ஆஸ்டின் இறங்கினான். அடுத்ததும் இறங்குகிற வரைக்கும் அவன் தன் விமானத்துப் பக்கத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் இரண்டு பேரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே நடந்து வந்தார்கள். நன்றாக உரக்கச் சண்டை போட்டார்கள். பார்க்க நிம்மதியாக இருந்தது.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக இல்லை. அது யார் வாயிலும் வந்திருக்கும், என் வாயிலும் வந்திருக்கும். உன்னிடம் பேசிச் சிரித்த மூன்று போனையும் நினைத்துப் பார்க்கிறேன். உள்ளே என் பிள்ளை சாப்பிடாமல் படுத்திருந்தாள். நான் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். நீ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ உண்மையை எழுதிக் கொடுத்தாய், வ. புதுப்பட்டிக்குப் போனாய். அதை நான் மதிக்கிறேன். மதினியிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ரேடியோ மேசையை எடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் கேப்டன் உன்னை அனுப்ப நினைக்கவில்லை. கேட்டில் வருகிறவர் போகிறவர் பெயர் எழுதுகிற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், நல்ல மனிதர், பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்றார். வெள்ளிக்கிழமை என்னிடம்தான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான். செல்வி பக்கத்தில் நின்று, “அம்மா, பாவம்மா” என்றாள். நான் கேட்கவில்லை. பள்ளியில் இருந்து உனக்கு வரப்போகிற கடிதத்தில் வேறு காரணம் போட்டிருக்கும்.

இதை வேறு யார் சொல்லியும் நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்குத்தான் எழுதினேன்.

அனுசியா